நான் இலையான்

(ஸ்காபரோவில் நடந்த திரைப்பட ஆர்வலர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



வாசலில் செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ஒரு அண்ணை கேட்டார்: "இலையானைப் பற்றிப் பேச ஒரு ஆளைப் பிடிச்சிருக்கினமாம், ஆரெண்டு தெரியுமோ?" நான்தான் என்று சொல்லத் துணிவு வரவில்லை. இப்போது மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மன்னிக்கவேணும் அண்ணை.

நான் பேராசிரியர் இல்லை. நாற்பது வருடமாக இந்த நகரத்தில் படம் பார்க்கிறவன், அதிலும் கண்ட கண்ட படம். தலைப்பும் என்னுடையது இல்லை. எஸ்.எஸ். ராஜமௌலியின் 'நான் ஈ' 2012 ஜூலையில் வந்தது. தெலுங்கில் 'ஈகா', தமிழில் 'நான் ஈ' என்று இரண்டு மொழியிலும் சேர்த்தே எடுத்த படம். அது இங்கே ஸ்காபரோவில் ஓடியபோது பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. விளக்கு அணைகிற நேரம் என் கையைத் தட்டி, "தம்பி, ஈ எண்டா இலையான்தானே?" என்றார். ஓமம்மா என்றேன். "அப்ப நான் இலையான் எண்டே வைச்சிருக்கலாம்." அவர் சொன்னது சரி. ஊரில் ஈ பாடப் புத்தகத்தில் இருந்தது. மீன்சந்தையிலும் மாம்பழத் தோலிலும் கருப்பணிச் சட்டியிலும் வந்து குந்தியது இலையான்.

அந்தப் படம் ஒரு கொலைகாரப் பிராணியின் கதை. கொல்வதென்று தீர்மானித்து, தேகப்பயிற்சி எடுத்து, ஆயுதம் செய்வித்து, கடைசியில் ஆளைக் கொன்றும் விடுகிற பிராணி. அதைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் வயிறு நோகச் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. ஆனால் இலையானிடம் போக முந்தி, ஒரு எலியைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

'டெட்லி ஐஸ்' என்று ஒரு படம். 1982. எடுத்தது இந்த ரொறன்ரோவில். ஜேம்ஸ் ஹெர்பர்ட் 1974இல் லண்டனை வைத்து எழுதிய 'த ராட்ஸ்' என்ற நாவலைத் தழுவியது. இயக்கியவர் ராபர்ட் குளோஸ். பெயரில் தெரியாவிட்டாலும் வேலையில் தெரியும்: புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' இவர் எடுத்தது. கதை இதுதான். ஊக்கமருந்து கலந்த சோளத்தைத் தின்று எலிகள் பூதாகாரமாக வளர்கின்றன. சுகாதார அதிகாரி ஒருத்தி வந்து தானியத்தைக் கொளுத்தச் சொல்கிறார். இருந்த இடமும் சாப்பாடும் போனதும் எலிகள் நகரத்துக்குள் வந்து ஆட்களைத் தின்னத் தொடங்குகின்றன. கடைசியில் சுரங்க ரயில் வரைக்கும் வருகின்றன.

கணினி வரைகலை இல்லாத காலம். பெரிய எலிக்கு எங்கே போவது? டாஷண்ட் நாய்களைக் கொண்டுவந்தார்கள். குட்டைக் கால், நீள உடம்பு, இங்கே சொசேஜ் நாய் என்பார்களே, அதுதான். அவற்றுக்கு எலித் தோல் தைத்துப் போட்டு ஓடவிட்டார்கள்.

போன குளிர்காலம் இந்தப் படத்தில் எலிகள் கூட்டமாக ஓடிவரும் ஒரு துண்டை மட்டும் என் பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். ஏழு வயது. தாய்க்குத் தெரியாது, இங்கேயே விட்டுவிடுங்கள். பிள்ளை பயப்படும், அணைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் தயாராக இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மப்பா, உது நாய்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சந்தோசமா ஓடுது."

முப்பது வருடமாக அந்தப் படத்தில் என்ன பிழை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு சொல் போதுமாக இருந்தது. எலி சுவரோடு ஒட்டி ஓடும். அது பயந்த பிராணி, உடம்பின் ஒரு பக்கமாவது எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் அதற்கு. இந்த எலிகளோ நட்டநடுக் கூடத்தில், யாரோ பந்து எறிந்ததுபோலத் துள்ளிக்கொண்டு வருகின்றன. கமராவுக்குப் பின்னால் எங்கேயோ ஒருவர் கையில் இறைச்சித் துண்டோடு நிற்கிறார் என்பது அவற்றின் முகத்திலேயே தெரிகிறது. பயப்படுத்த வந்த படம் பகிடியாகிப் போனது. எடுத்தவர்கள் அதைப் பகிடி என்று எடுக்கவில்லை என்பதுதான் பரிதாபம்.

அந்தக் காலத்தில் கனடாவில் ஏன் இத்தனை பயப்படம் எடுத்தார்கள் என்று கேட்டால், பதில் கலையில் இல்லை, வரிக்கணக்கில் இருக்கிறது. 1970களின் நடுவில் அரசாங்கம் ஒரு சலுகை கொடுத்தது: கனடியப் படத்தில் போட்ட பணம் முழுவதையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். உடனே பல் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் முதல் போடத் தொடங்கினார்கள். பெரிய நடிகர் வேண்டாத, சீக்கிரம் எடுக்கக்கூடிய, வெளிநாட்டில் விற்கக்கூடிய சரக்கு எது? இரத்தம்தான். நம் ஊரில் கறுப்புப் பணம் செய்த வேலையை இங்கே வரிச்சலுகை செய்தது.

'டெட்லி ஐஸ்' படத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எலிகள் ஒரு தியேட்டருக்குள் புகுந்து பார்வையாளரைக் கடிக்கின்றன. திரையில் ஓடுவது புரூஸ் லீ படம், 'கேம் ஒஃப் டெத்'. அதை முடித்து வெளியிட்டவரும் இதே குளோஸ்தான். தன் படத்தைப் பார்க்க வந்தவர்களையே எலிக்குத் தின்னக் கொடுத்த இயக்குநர் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன்.

சரி. எலிகள் ஏன் வந்தன? அவற்றின் வீட்டைக் கொளுத்தினார்கள். சாப்பாட்டைக் கொளுத்தினார்கள். அவை வெளிக்கிட்டு வேறு இடம் தேடி வந்தன. (முன்வரிசையில் யாரோ, "எங்களைப்போல." சிரிப்பு.) ஓம், எங்களைப்போல. ஆனால் படத்துக்கு அதில் அக்கறை இல்லை. எலிக்கு வழக்கு ஒன்று இருக்கிறது என்று படம் ஒரு கணமும் நினைக்கவில்லை. 'இதற்குள் என்ன போனது' என்ற கேள்வி மட்டும்தான். போனது ஊக்கமருந்து. மற்ற மேற்கத்தியப் படங்களிலும் இப்படித்தான். ஊசி போயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்கும், ஆய்வுகூடத்துக் கிருமி போயிருக்கும். 2006இல் நியூசிலாந்திலிருந்து 'பிளாக் ஷீப்' வந்தது. ஜொனத்தன் கிங் எடுத்தது. ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில், நள்ளிரவுப் படங்களுக்கென்று 1988 முதல் நடக்கும் பகுதியில்தான் முதலில் காட்டினார்கள். மரபணுவில் கைவைத்ததால் செம்மறியாடுகள் மனிதரைத் தின்கின்றன, கடி வாங்கியவன் செம்மறியாகிறான். இதன் கதாநாயகனுக்குச் செம்மறி என்றாலே நடுக்கம். எடுத்தவர்களுக்குத் தாங்கள் எடுப்பது பகிடி என்று நன்றாகத் தெரியும், அதனால் படம் தப்பியது. அங்கேயும் ஆட்டுக்கு வழக்கு இல்லை. அதற்குள் என்னவோ போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வாருங்கள். அநுராதபுரத்தில் எல்லாளன், திருவாரூரில் மனுநீதிச் சோழன். இரண்டு இடத்திலும் ஒரே கதை. தேர்க்காலில் கன்று செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்கு வந்தது. யாரையும் முட்டவில்லை, மணியை இழுத்து அடித்தது. வழக்குத் தொடுத்த மாடு அது. எனக்கென்னவோ தமிழ்ப்படத்தில் வருகிற அத்தனை பிராணிகளும் அந்தப் பசுவின் வாரிசாகவே தெரிகின்றன. சாண்டோ சின்னப்பா தேவரின் யானைகளைப் பாருங்கள். 1977இல் வந்த 'ஆட்டுக்கார அலமேலு'வில் வில்லனோடு மோதிய ஆட்டைப் பாருங்கள். அந்த ஆடு சண்டை போட்டபோது கொட்டகையில் விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். 1979இல் வந்த 'நீயா?' படத்தில் பாம்பு ஒவ்வொருவராகத் தேடித் தேடிக் கொல்லும். இணையைக் கொன்றவர்களைத்தான் கொல்லும், வழியில் போகிறவனைத் தொடாது. பிறகு இராம நாராயணன் 'ஆடிவெள்ளி', 'துர்கா' என்று யானை, பாம்பு, குரங்கு எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் ஏற்றிவிட்டார். எங்கள் படத்தில் பிராணி கொன்றால் 'என்ன போனது' என்று யாரும் கேட்பதில்லை. 'அவன் என்ன செய்தான்' என்றுதான் கேட்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு இலையானிடம் வருவோம். இரண்டு இலையான்கள் இருக்கின்றன என்றேனா? சொல்லவில்லையா? இருக்கின்றன. முதலாவது எங்கள் நகரத்து இலையான்.

டேவிட் குரோனன்பேர்க் ரொறன்ரோவில் பிறந்தவர். அவருடைய 'த ஃபிளை' இங்கேதான் படமாக்கப்பட்டது. 1986 ஓகஸ்ட் 15 வெளியானது. அந்த வாரத்தை நினைவிருக்கிறதா? நான்கு நாள் முந்தி, ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்ததை மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். செய்தி முழுக்க நாங்கள், தியேட்டர் முழுக்க இலையான். நான் அப்போது ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து, பழைய படங்களை மலிவாகப் போடுகிற ஒரு கொட்டகையில், அறைத்தோழனோடு அந்தப் படம் பார்த்தேன். எங்களுக்குப் பாதி ஆங்கிலம் விளங்காது. அது ஒரு குறையாகவே இருக்கவில்லை.

விஞ்ஞானி ஒருவன் பொருளை ஓரிடத்தில் கரைத்து இன்னோரிடத்தில் கூட்டும் இயந்திரம் செய்கிறான். தானே உள்ளே போகிறான். கூடவே ஒரு இலையானும் போய்விடுகிறது. இயந்திரம் இரண்டையும் குழைத்து ஒன்றாக்கிவிடுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகம் கழன்று, காது கழன்று, ஆள் இலையானாகிறான். கழன்ற உறுப்புகளைக் குளியலறை அலுமாரியில் அடுக்கிவைக்கிறான். ஜெஃப் கோல்ட்புளூம் நடித்தது. ஒப்பனைக்கு ஒஸ்கார் கிடைத்தது. அதில் ஒரு காட்சி: காதலி பார்த்திருக்க, சாப்பிடுவதற்காக ஒரு டோனட்டின் மேல் வாந்தி எடுக்கிறான். பிறகு, அது அருவருப்பாக இருக்கிறது என்று தானே வெட்கப்படுகிறான். கனடாவில் டோனட்டுக்கு நேர்ந்த பெரிய அவமானம் அதுவாகத்தான் இருக்கும். இலையான் உண்மையில் அப்படித்தான் சாப்பிடுகிறது. அதற்குப் பல் இல்லை. எச்சிலையும் வயிற்று நீரையும் கக்கி, சாப்பாட்டைக் கரைத்து, உறிஞ்சும். அறைத்தோழன் அந்த இடத்தில் பெரிதாகச் சிரித்தான். கொட்டகையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தால் அவனுக்குக் கை நடுங்குகிறது, குளிரிலா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் படத்தைத் தயாரித்தது மெல் புரூக்ஸின் கொம்பனி. ஹொலிவூட்டின் பெரிய பகிடிக்காரர் அவர். தன் பெயரைக் கண்டால் சனம் சிரிக்க ஆயத்தமாகி வந்துவிடும் என்று பெயரைப் போடாமலே விட்டார். நம் படங்களில் பெயர் சின்னதாகிப் போனதென்று சண்டை பிடித்தவர்களைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இனி மற்ற இலையான். நானி என்ற ஏழைப் பெடியன், பிந்து என்ற நுண்சிற்பம் செய்யும் பெண்ணைக் காதலிக்கிறான். சுதீப் என்ற பணக்காரன் அவளுக்காக நானியைக் கொல்கிறான். நானி இலையானாகப் பிறந்து பழி வாங்குகிறான். ராஜமௌலியின் தந்தை விஜயேந்திர பிரசாத் 1990களில் மகனோடு பகிடியாகக் கதைத்துக்கொண்டிருந்தபோது வந்த யோசனை இது. தமிழ் வசனம் கிரேஸி மோகன். முதல் அரைமணித்தியாலத்துக்குப் பிறகு கதாநாயகன் வாயே திறக்காத படத்துக்கு வசனம் எழுத அவரைப் பிடித்தார்கள்!

குரோனன்பேர்க்கின் ஆள் இலையானாவது பயங்கரம். எங்கள் ஆள் இலையானாவது மறுபிறப்பு. மனிதன் என்ற ஒன்று நிலையாக இருக்கிறது, அது அழுகுகிறது என்று நினைத்தால்தான் அங்கே பயம் வரும். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பிறந்து இளைத்த பிறவிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் புழு உண்டு, பறவை உண்டு, பாம்பு உண்டு, கல்கூட உண்டு. இலையான் இல்லை. புழு வளர்ந்தால் இலையான்தானே என்று சமாளித்துக்கொள்ளலாம். பக்கத்து இருக்கை அம்மாவுக்கு, செத்தவன் இலையானாகப் பிறந்ததில் ஒரு வியப்பும் இல்லை. "பாவம், அவசரத்தில கிடைச்ச பிறவியில வந்திட்டான்" என்றார்.

இந்த இடத்தில் சுதீப் என்ற நடிகரைப் பற்றி நின்று சொல்லவேண்டும். பாத்திரத்துக்கும் அவர் பெயர்தான். படப்பிடிப்பில் இலையான் கிடையாது. இல்லாத ஒன்றைக் கண்ணால் துரத்துகிறார், காதருகே விசிறுகிறார், மூக்கில் குந்தியதை அடிக்கப் போய்த் தன்னையே அடித்துக்கொள்கிறார். நீராவிப் பெட்டிக்குள் உடம்பு பூட்டியிருக்க, தலை மட்டும் வெளியே இருக்கும் காட்சி. கை வெளியே வராது. இலையான் வந்து முகத்தில் இறங்குகிறது. முகத்தில் ஈயாடவில்லை என்று ஒருவனின் திகைப்பைச் சொல்வோம். இந்த மனிதனின் முகத்தில் ஈ ஆடுகிறது, அதுதான் திகைப்பு. புருவம், உதடு, கன்னத்தசை ஒவ்வொன்றும் தனித்தனியாக இலையானை விரட்டப் பார்க்கின்றன. இலையானை வரைந்தது ஹைதராபாத் மகுடா நிறுவனம், அவர்களுக்குத் தேசிய விருது கிடைத்தது, சரி. ஆனால் அந்த இலையானுக்குக் கனம் கொடுத்தது சுதீப்பின் மூக்கு. டாஷண்ட் நாயிடம் இல்லாதது இதுதான். ரொறன்ரோ எலி திரையில் இருந்தது, நம்ப முடியவில்லை. இந்த இலையான் அங்கே இருக்கவே இல்லை, நம்பினோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படம் ஒரு இடத்திலும் பகிடி விட்டுக் கண்ணடிப்பதில்லை. இலையானுக்குக் கண்ணாடியும் முகமூடியும் செய்து கொடுக்கிறாள் பிந்து, பூச்சிமருந்திலிருந்து தப்ப. அதை அவள் சிரிக்காமல் செய்கிறாள். அவளுடைய கண்ணீர்த் துளியில் காலை நனைத்து இலையான் 'நான் நானி' என்று எழுதும்போது பின்னணி இசை முழுச் சோகமாக வருகிறது. வில்லன் மந்திரவாதியைக் கூப்பிட, அவன் பழக்கிய இரண்டு குருவிகளை ஏவிவிடும்போது, போர்க்களக் காட்சியின் இலக்கணம் ஒன்றுகூடத் தப்பாமல் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சிரிக்காததால் நாங்கள் சிரித்தோம்.

2013 ஒக்ரோபரில் இந்தப் படம் எங்கள் நகர மையத்துக்குப் போனது. ரொறன்ரோ ஆஃப்டர் டார்க் என்று பயப்படங்களுக்கும் விசித்திரப் படங்களுக்கும் இலையுதிர் காலத்தில் நடக்கும் விழா. விருதுகளைப் பார்வையாளர்களே வாக்குப் போட்டுத் தீர்மானிப்பார்கள். 'மிகப் புதுமையான படம்' என்பது உட்படப் பல விருதுகளை 'ஈகா' அள்ளிக்கொண்டு வந்தது. நாங்கள் ஸ்காபரோவில் ஒரு வருடத்துக்கு முந்தியே குடும்பத்தோடு போய், பிள்ளைக்குச் சோளப்பொரி வாங்கிக் கொடுத்துப் பார்த்த படத்தை, அங்கே பிசாசுப் படங்களின் நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இரவு நான் அங்கே போகவில்லை, இரவு வேலை. எனக்கு இன்றைக்கும் அது ஒரு குறை. ஆட்டுக்கும் எலிக்கும் பழகிய அந்தச் சனம், வழக்கோடு வந்த ஒரு பிராணியை எப்படி எதிர்கொண்டது என்று நேரில் பார்த்திருக்கலாம்.

ஆனால் இந்த நகரத்துக்கும் பிராணியின் வழக்கு முற்றாக விளங்காது என்று சொல்லமுடியாது. 2015 ஜூலையில் யங் வீதியும் சர்ச் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. மாநகரசபை வந்து எடுக்கும்வரை சனம் அதற்குப் பூ வைத்தது, மெழுகுதிரி கொளுத்தியது, சட்டம் போட்ட படம் வைத்தது. கொன்ராட் என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த வருடம் அதே நகரம், ரக்கூன் திறக்க முடியாத பச்சைத் தொட்டிக்குக் கோடிக்கணக்கான டொலர் செலவழித்தது.

ஏன் சிரித்தோம் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்களிடம் வழக்கின் தீர்ப்பு முன்னமே இருந்தது. சுதீப் குற்றவாளி. ஆகவே அவனை என்ன செய்தாலும் சிரிக்கலாம். படத்தை அவனுடைய இருக்கையில் இருந்து பாருங்கள்: ஒரு மனிதன் நித்திரை இல்லாமல் நாள்கணக்கில் கிடக்கிறான். காதுக்குள் ரீங்காரம். கார் ஓட்டும்போது கண்ணாடியில் 'உன்னைக் கொல்லுவேன்' என்று எழுத்து. அவன் சொல்வதை யாரும் நம்பவில்லை, விசர் என்கிறார்கள். வீட்டை ஓட்டையில்லாமல் அடைத்துக்கொண்டு உள்ளே நடுங்குகிறான். ஒரு காட்சியையும் மாற்றவேண்டாம், இது முழுப் பயப்படம். நித்திரை கொள்ளவிடாமல் ஒருவனை உடைப்பது எப்படி என்று இந்த மண்டபத்தில் சிலருக்குப் படம் பார்க்காமலே தெரியும். நான் முதல்முறை பார்த்தபோது இது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

'நான் ஈ' ஒரு தகப்பன் மகளுக்கு நித்திரைக்கு முன் சொல்லும் கதையாகத் தொடங்கும். அந்த நினைவில், எலி பார்த்த கொஞ்ச நாளைக்குப் பிறகு, பேத்திக்கு அதைப் போட்டேன். இந்தமுறை தாயிடம் கேட்டுத்தான். இலையான் முட்டையிலிருந்து வந்தபோது கைதட்டினாள். கண்ணாடி போட்டபோது தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. என் கைக்குள் வந்து இருந்தாள்.

"அம்மப்பா, அந்த மாமா ஏன் நித்திரை கொள்ளேல்லை?"

"இலையான் விடுதில்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"அவருக்கு ஆரும் லைட்டைப் போட்டு விடேல்லையோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. படம் முடிய இன்னும் அரைமணித்தியாலம் இருந்தது. கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து இருந்து பார்த்தோம்.